குமரியில் மனை நிறுவனம் ஊருக்குக் கொடுப்பது எப்படி

மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, ஆவணியில் ஓணத்து வடமிழுப்பு, கார்த்திகையில் கோட்டாறு சவேரியார் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் தேர். லே-அவுட் போட்டு விற்கும் அலுவலகத்துக்கு ஆண்டு முழுக்க நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் ஐநூறு, ஆயிரம் என்று கொடுத்தனுப்பினால் பங்குனி முடிவில் பெருந்தொகை கரைந்திருக்கும், ஊரில் காட்ட ஒன்றும் இருக்காது. சித்திரையிலேயே ஆண்டுத் தொகையை முடிவு செய்து, மனைகள் இருக்கும் ஊராட்சிகளுக்கு முதலில் ஒதுக்குங்கள்.

ஒதுக்கும்போதே கணக்கை இரண்டாகப் பிரியுங்கள். பெயர் போடச் சொல்லிக் கொடுப்பது விளம்பரம், அதற்குப் பில் வேண்டும். பெயர் கேட்காமல் கொடுப்பது தானம், அதற்கு வருமான வரிக்கழிவுக்கான 80ஜி பதிவுள்ள அறக்கட்டளையின் ரசீது வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தானத்துக்கு வரிக்கழிவு கிடையாது. பொருளாக வாங்கிக் கொடுத்தாலும் கிடையாது. ஆகவே செக் கொடுத்துவிட்டு, பொருளை அறக்கட்டளையே வாங்கட்டும். ஆண்டு நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனி, சமூகப் பொறுப்புக்கென்று முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காடு செலவிட வேண்டும். விளம்பர லாபத்துக்காகச் செய்த ஸ்பான்சர் செலவை அதில் காட்ட முடியாது. கணக்கு அடிக்கடி சிக்குவது இங்கேதான்.

திருவிழா நோட்டீஸில் பலர் கோட்டை விடுகிறார்கள். 500 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 12 சென்டுக்கு மேற்பட்ட நிலத்தில் எட்டு மனைக்கும் அதிகமாகப் போடும் திட்டத்தை ரேராவில் (மனை, வீட்டு விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) பதியாமல் விளம்பரம் செய்யக் கூடாது. திருவிழா நோட்டீஸின் கடைசிப் பக்கமும் விளம்பரம்தான். தண்டம் திட்டச் செலவில் 10 விழுக்காடு வரை போகலாம். பதிவு வராத திட்டமென்றால் நிறுவனத்தின் பெயரை மட்டும் போடுங்கள். பதிந்த திட்டமென்றால் ரேரா எண்ணையும் சேர்த்து அச்சிடச் சொல்லி, அச்சுக்குப் போகுமுன் புரூப் வாங்கிப் பாருங்கள். வாய்வார்த்தையில் விட்டால் பெயர் இருக்கும், எண் இருக்காது.

கடலோர ஊர்களின் கால்பந்துப் போட்டிக்குக் கொடுப்பதானால் ஒரு பக்கக் கடிதம் போதும். தொகை, பெயர் எங்கெல்லாம் வரும், ஜி.எஸ்.டி. யார் பொறுப்பு, பேனரை யார் எந்தத் தேதிக்குள் கழற்றுவது: இந்த நான்கும் இருந்தால் சண்டை வராது. பாதியை முன்பணமாகவும் மீதியைப் பில் வந்த பிறகும் கொடுங்கள். பேனருக்கு உள்ளாட்சி அனுமதி எண் வேண்டும். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று கப்பல் பாயைப் போல் துணியை உப்ப வைக்கும். இடையிடையே அரைவட்டமாக வெட்டிவிடாவிட்டால் சவுக்குக் கம்போடு சேர்ந்து சாய்ந்துவிடும். விழுந்தால் பேனரில் இருப்பது உங்கள் பெயர்.

நிலைத்து நிற்கிற வேலைக்கு ‘நமக்கு நாமே’ திட்டம் நல்ல வழி. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தரப்பு கட்டினால் மீதியை அரசு போடும். 4 லட்சம் கொடுத்தால் 12 லட்ச ரூபாய் வேலை நடக்கும். ஊராட்சியில் பேசி, வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் மனு கொடுங்கள். பள்ளிக்கு வகுப்பறை, சுற்றுச்சுவர் என்றால் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ வழியாகப் போகலாம். கழிப்பறை கட்டிக் கொடுப்பவர்கள் தண்ணீர் இணைப்பையும் மூன்று ஆண்டுத் துப்புரவுக் கூலியையும் சேர்த்தே கொடுங்கள். இல்லையென்றால் இரண்டாம் ஆண்டு பூட்டுத் தொங்கும்.

குளம் தூர்வாருவதில் காலம் முக்கியம். கோதையாற்றுப் பாசனச் சானல்களில் ஜூன் தொடங்கிப் பிப்ரவரி கடைசி வரை தண்ணீர் ஓடும். மார்ச் முதல் மே வரைதான் ஜேசிபி இறங்க முடியும். குளத்துக்குப் பொறுப்பான துறையின் எழுத்து அனுமதி கையில் இருக்கட்டும். கரையை ஒட்டித் தோண்டாதீர்கள், மடையும் மறுகாலும் (உபரி நீர் வழியும் இடம்) இருக்கிற மட்டத்திலேயே இருக்கட்டும். எடுத்த மண் உங்கள் லே-அவுட்டுக்குப் போகவே கூடாது. ஒரு லாரி போனாலும் ஊர் அதைத் தானமென்று சொல்லாது. ஏலாவை, அதாவது வயல்வெளியை, நிரப்பி மனை போட்டவர் குளம் வெட்டுவதும் அப்படித்தான். லே-அவுட்டில் பூங்காவுக்கு விட்ட இடத்தில் ‘நிறுவனம் வழங்கியது’ என்று கல்வெட்டு வைப்பதும் அந்த ரகமே. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக 10 விழுக்காடு விடுவது விதி.

ஊர் மன்றத்தின் படிப்பகத்துக்கு மூன்று சென்ட் கொடுப்பதாக மேடையில் அறிவித்தால் மட்டும் இடம் மாறாது. இரண்டு சாட்சிகளோடு தானப் பத்திரம் பதிய வேண்டும். மன்றச் செயலாளரின் சொந்தப் பெயரில் எழுதினால் அவர் காலத்துக்குப் பிறகு வாரிசுகள் வருவார்கள். மன்றம் சங்கப் பதிவு பெற்றிருந்தால் சங்கத்தின் பெயரில், இல்லையேல் ஊராட்சியின் பெயரில் எழுதுங்கள். எழுதுமுன் வில்லங்கச் சான்று எடுத்து, அந்த மூன்று சென்ட் வங்கி அடமானத்தில் உட்படவில்லையா என்று பாருங்கள். வழிப்பாதையின் அகலத்தைப் பத்திரத்தில் அடிக்கணக்கில் குறியுங்கள். பதிந்த கையோடு பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பித்து, புதிய பட்டாவின் நகலை மன்றத்திடம் கொடுத்த பிறகு திறப்பு விழாவுக்கு நாள் குறியுங்கள்.