ஏற்காட்டுச் சேற்றில் பழகி, இமயப் பனியில் ஓட்டுவது எப்படி?

நம் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் பனிதான். சேர்வராயன் மலையில் வெண்பனி பொழிவதில்லை. ஆயினும் குளிர்காலத்தில் ஜிம்னி போன்ற சிறிய நான்கு சக்கர இயக்க வண்டியில் மணாலிப் பக்கம் போக விரும்புகிறவர்கள், அதற்கான கைப்பழக்கத்தையும் கால்பழக்கத்தையும் இங்கேயே பெறலாம். ஐப்பசி மழையில் ஊறிய காப்பித் தோட்டத்து மண்பாதை அதற்குப் போதும். தோட்டக்காரரிடம் அனுமதி பெற்று, ஆள் நடமாட்டமும் ஓரத்தில் பள்ளமும் இல்லாத பாதையைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் படி: சிறிய லீவர்

கியர் லீவருக்கு அருகில் உள்ள சிறிய லீவரில் 2எச், 4எச், 4எல் என மூன்று நிலைகள் இருக்கும். 2எச்சில் பின்சக்கரங்களுக்கு மட்டும் விசை செல்லும். 4எச்சில் நான்குக்கும் செல்லும். 4எல் என்பது மிக மெதுவாகவும் மிகுந்த விசையோடும் நகர்வதற்கானது, அதை வண்டியை நிறுத்திய பிறகே போட வேண்டும். வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. இந்த வேறுபாட்டை ஈடுகட்டும் அமைப்பு இவ்வகை வண்டியின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே இல்லாததால், காய்ந்த தார்ச்சாலையில் 4எச் போட்டால் பல்சக்கரங்கள் முறுக்கிக்கொண்டு பழுதாகும். ஆகவே சேலத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் 2எச்சிலேயே ஏறுங்கள்.

இரண்டாம் படி: புறப்படுதல்

மண்பாதையில் 4எச் போட்டு, இரண்டாவது கியரில், கிளட்சை மெல்ல விட்டுக் கிளம்புங்கள். சக்கரம் வீணாகச் சுற்றினால் ஆக்சிலேட்டரை மேலும் மிதிக்காமல், காலைத் தளர்த்துங்கள்.

மூன்றாம் படி: நிறுத்துதல்

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். முதலில் காலியான தார்ச்சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, ஓரத்தில் வைத்த ஒரு கல்லுக்கு நேராக பிரேக்கை மிதித்து, வண்டி நின்ற இடம் வரை காலடிகளை எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு லீவரை 4எச்சுக்கு மாற்றி, அதையே ஈரமான மண்பாதையில் செய்து எண்ணுங்கள். இறங்கி டயரையும் பாருங்கள்: பள்ளங்களில் எல்லாம் செம்மண் அப்பி, டயர் புதுப்பானையின் அடிப்பாகம் போல வழவழவென்று இருக்கும். நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்ப உதவுமே தவிர, நிறுத்த உதவாது. எந்தக் காரிலும் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் உண்டு என்பதால், இங்கே உங்களுக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. இறுகிய பனியில் நிற்பதற்கான தூரம் காய்ந்த தார்ச்சாலையைப் போல மூன்று, நான்கு மடங்கு ஆகலாம். கண்ணாடி போல் உறைந்த பனிக்கட்டியில் இன்னும் கூடும். பனியில் சிக்காமல் ஏறிவிட்டோம் என்ற துணிச்சலில் வேகமாக இறங்குகிறவர்களை நினைத்துத்தான் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

நான்காம் படி: இறக்கம்

சரிவு தொடங்கும் முன்பே வண்டியை நிறுத்தி, 4எல்லில் முதல் கியர் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறக்கும். பாதி வழியில் கிளட்சை மிதித்தால் அந்தப் பிடி விட்டுப்போகும். வண்டியின் பின்பக்கம் ஒதுங்கினால் பள்ளத்தைப் பார்க்காமல், போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டீயரிங்கை அந்தப் பக்கமே திருப்புங்கள்.

ஐந்தாம் படி: புறப்படும் முன்

சேலத்து வெயிலுக்குப் பழகிய நம்மில் பலர் ரேடியேட்டரில் வெறும் தண்ணீரை ஊற்றி வைத்திருப்போம். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடைவதால் எஞ்சினே வெடிப்பு விடலாம். ஆகவே உறைகுளிரைத் தாங்கும் கூலண்டைச் சரியான அளவில் நிரப்பச் சொல்லுங்கள். வெப்பம் 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் குறையும்போதெல்லாம் டயர் அழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. இறங்கும் என்பதால், அங்கே காலையில் வண்டியை எடுக்கும் முன் மறுபடியும் அளந்து பாருங்கள். பனியில் வழுக்காமல் இருக்க டயரைச் சுற்றி மாட்டும் பனிச் சங்கிலியை வீட்டு வாசலிலேயே இரண்டு முறை மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். விரல் விறைத்த பிறகு அது எளிதில் வராது. இரவில் சமதரையில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் உறைந்து பிடித்துக்கொள்ளக்கூடும் என்பதால், அதைப் போடாமல் கியரில் விட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அண்டக் கொடுங்கள்.