எக்கோவை எங்கே கொடுப்பது?

கொழும்பில் கோயில் திருவிழா, கல்யாண மண்டபம் என்று ஒலி மிக்சர் பிடிப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு.

கொம்ப்ரசர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது), கேட் (மெல்லிய சத்தத்தை அடைப்பது) போன்றவை ஒரு சனலின் (ஒரு மைக் அல்லது வாத்தியம் மிக்சருக்குள் வரும் வழியின்) ஒலியை முழுதாகவே மாற்ற வேண்டியவை. அவற்றுக்கு இன்சர்ட், அதாவது சனலின் ஒலி முழுவதும் கருவிக்குள் போய்த் திரும்பும் இணைப்பு. ரிவேர்ப் (பெரிய மண்டபத்தில் கேட்பது போன்ற முழக்கம்), எக்கோ அப்படியல்ல. மூல ஒலியும் வேண்டும், மேலே கொஞ்சம் எபெக்டும் வேண்டும். அதற்கு ஒக்ஸ் சென்ட், அதாவது ஒவ்வொரு சனலின் ஒலியிலும் ஒரு பிரதியை வேண்டிய அளவு எபெக்ட் கருவிக்கு அனுப்பும் குமிழ். ஒரே ரிவேர்ப் போதும்: பாடகருக்கு அதிகம், வயலினுக்குக் கொஞ்சம், மிருதங்கத்துக்கு வேண்டாமென்றால் பூச்சியம்.

ஒக்ஸ் போஸ்ட் பேடராக இருக்கட்டும், அதாவது பேடருக்கு (சனலின் ஒலி அளவை ஏற்றி இறக்கும் தள்ளிக்கு) பின்னால் ஒலியை எடுக்கட்டும். பிரீ பேடரில் (பேடருக்கு முன்னால்) விட்டால், பேடரை இறக்கிய பிறகும் எக்கோ மட்டும் பேய் மாதிரி கேட்டுக்கொண்டிருக்கும். எபெக்ட் கருவியில் மிக்ஸை 100% வெட்டில் (wet, எபெக்ட் ஒலி மட்டும்) வையுங்கள். எவ்வளவு வேண்டும் என்பதை மிக்சரில் தீர்மானிக்கலாம்.

வெளிக் கருவியின் ரிட்டர்னை (திரும்பி வரும் எபெக்ட் ஒலியை) ஒரு வெற்றுச் சனலுக்குக் கொண்டுவருவது என் விருப்பம், ஈக்யூவில் (தொனிக் குமிழ்களில்) பாஸைக் குறைக்கலாம் அல்லவா? ஆனால் அந்தச் சனலில் அதே ஒக்ஸ் குமிழ் பூச்சியத்தில்தான் இருக்க வேண்டும். கை தவறித் திருப்பினால் ஒலி சுற்றிச் சுற்றி ஏறி, மண்டபமே காதைப் பொத்தும்.

இன்சர்ட்டுக்குப் பெரும்பாலும் வை கேபிள் (ஒரு முனை இரண்டாகப் பிரிந்து, ஒன்றில் ஒலி போய் மற்றதில் திரும்பும் வயர்) தேவை. சாதாரண கிற்றார் வயர் சரிவராது.