பழைய மாருதி 800-இல் புது ஸ்டீரியோ: வயரின் நிறத்தை நம்பாதீர்கள்

அப்பாவின் மாருதி 800-இல் நானே ஸ்டீரியோ மாட்டிய நான்காம் நாள் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி காலி. செட்டின் சிவப்பு வயரையும் மஞ்சள் வயரையும் சேர்த்து முறுக்கி, எப்போதும் கரண்ட் இருக்கும் ஒரே இடத்தில் கொடுத்திருந்தேன். சாவியை எடுத்த பிறகும் செட் கரண்ட் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

முதலில் செட். 800-இன் டேஷ்போர்டில் இருப்பது சிங்கிள் டின் (DIN) என்ற ஒற்றை அளவு இடம்: அகலம் 180 மி.மீ., உயரம் 50 மி.மீ. பெரிய டச் ஸ்கிரீனுக்கு இதைப்போல இரண்டு மடங்கு உயரம் வேண்டும். "அறுத்து மாட்டித் தரேன்" என்று கடையில் சொன்னால், "வேண்டாம் அண்ணே" என்று சொல்லிவிடுங்கள். சிடி இல்லாமல் யுஎஸ்பி, புளூடூத் மட்டும் உள்ள செட் நீளம் குறைவு. பின்னால் வயர்களைத் திணிக்க இடம் கிடைக்கும்.

அடுத்தது வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர். சாதாரண மீட்டரே போதும், ஆனால் அது இல்லாமல் இறங்காதீர்கள். இருபது வருட வண்டியில் எத்தனை பேர் கை வைத்தார்களோ, எந்த நிறத்துக்கு எந்த நிறத்தை ஒட்டினார்களோ!

பழைய செட்டைக் கழற்றி, மீட்டரின் கறுப்பு முனையை பெயின்ட் இல்லாத பாடி இரும்பில் வையுங்கள். சிவப்பு முனையால் ஒவ்வொரு வயராகத் தொடுங்கள். சாவி இல்லாமலே 12 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அது எப்போதும் கரண்ட் உள்ள வயர். செட்டின் மஞ்சள் அதற்குப் போக வேண்டும். சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வருவது சிவப்புக்கு. ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எழுதி வையுங்கள். அப்புறம் 10 நம்பர் ஸ்பானரால் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

செட்டே இல்லாமல் வந்த வண்டியா? மஞ்சளுக்கு பேட்டரியிலிருந்து தனி வயர் இழுங்கள். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் பியூஸ் இருக்க வேண்டும். செட்டின் கறுப்பு வயர் எர்த். அதை அருகில் உள்ள பாடி போல்ட்டில், துருவைச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள். முறுக்கி டேப் சுற்றுவதோடு நிறுத்தாமல் சால்டர் செய்யுங்கள். சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் டேப்பின் பசை பாகாக இளகி, ஜாயின்ட் தானாகப் பிரிந்துவிடும்.

ஸ்பீக்கரில்தான் பலரும் செட்டை எரிக்கிறார்கள். செட்டின் வயர்களில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு உள்ளது மைனஸ். பழைய செட்கள் பலவற்றில் ஸ்பீக்கர் மைனஸை பாடியிலேயே கொடுத்திருப்பார்கள். புது செட்டில் இரண்டு வயரிலும் சிக்னல் வருகிறது. ஒன்று பாடியில் பட்டாலும் உள்ளே இருக்கும் ஐசி (சிப்) போய்விடலாம். அதனால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு வயர், செட் வரை தனியாக வர வேண்டும். ஸ்பீக்கரில் பிளஸ் எது என்று அழிந்துபோயிருந்தால், செட்டோடு இணைக்கும் முன் சுவர்க் கடிகார பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். ஸ்பீக்கரின் கோன் (நடுவில் உள்ள கூம்பு) வெளியே தள்ளினால், பேட்டரியின் பிளஸ் பட்ட பக்கம்தான் பிளஸ். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ் மைனஸ் மாறியிருந்தாலும் பாஸ் (அடித்தொனி) செத்துப்போகும்.

டேஷ்போர்டுக்குள் தள்ளும் முன் பேட்டரியை மாட்டி, செட்டைப் பாடவிட்டுப் பாருங்கள்.

சாவியை எடுக்கும்போதெல்லாம் கடிகாரமும் ஸ்டேஷனும் அழிந்தால் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கிறது. ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க "ஙொய்ய்" என்ற சத்தம் ஏறினால் எர்த்தை முதலில் பாருங்கள். பத்தில் எட்டு தடவை எனக்கு அதுவாகத்தான் இருந்திருக்கிறது. சவுண்டு கூட்டியதும் செட் அணைந்தால் எங்கோ ஸ்பீக்கர் வயர் நசுங்கி பாடியில் படுகிறது, அல்லது பவர் வயர் மெலிசு.

எஃப்எம் இரைந்தால் ஆன்டெனாவின் அடியில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஜப்பான் செட் என்றால் கதை வேறு. பழைய ஜப்பான் செட்களின் எஃப்எம் 76-இல் தொடங்கி 90 மெகாஹெர்ட்ஸில் முடிந்துவிடும். சென்னையில் ரெயின்போ எஃப்எம் 101.4-இல் இருக்கிறது. ஆன்டெனாவை எத்தனை தடவை மாற்றினாலும் அந்த செட்டில் நேராக அது வராது. திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்குங்கள்.