'டிபென்ட்' குடும்பத்துச் சொற்களைக் குழப்பாமல் எழுதுவது எப்படி?

கம்பத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். போன மாதம் ஒரு பெண் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதிக் கொண்டுவந்தாள். அவள் அம்மா விடிகாலையில் ஜீப் ஏறி கம்பம்மெட்டு வழியாகக் கேரளாவுக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர், அந்தக் கூலியில்தான் வீடு நடக்கிறது. அதைச் சொல்ல நினைத்து 'ஐ ஆம் டிபென்டபிள் ஆன் மை மதர்' என்று எழுதியிருந்தாள். டிபென்டபிள் என்றால் நம்பிப் பொறுப்பை ஒப்படைக்கத் தகுந்த ஆள். அது அவள் அம்மாவுக்குப் பொருந்துகிற சொல். அவள் எழுதியிருக்க வேண்டியது டிபென்டன்ட், அதாவது ஒருவரை நம்பியிருக்கிறவர். அன்றிலிருந்து இந்தச் சொற்களை ஒன்றொன்றாக மனப்பாடம் செய்ய வைப்பதை விட்டுவிட்டு, குடும்பமாகச் சொல்லித் தருகிறேன்.

முதலில் வேரைப் பிடியுங்கள். நாம் 'சார்ந்திருக்கிறேன்' என்கிறோம், அதாவது சாய்ந்து நிற்கிறோம். ஆங்கிலத்தில் சாய்வதில்லை, தொங்குகிறார்கள். 'பென்ட்' என்பது தொங்குதல் என்ற பொருள் கொண்ட லத்தீன் வேர், முன்னால் வரும் 'டி' கீழ்நோக்கி என்பதைக் காட்டும். கழுத்துச் சங்கிலியில் நாம் டாலர் என்று சொல்வது பென்டன்ட், சுவர்க் கடிகாரத்தில் ஆடுவது பென்டுலம், குடலில் வால்போல ஒட்டித் தொங்குவது அப்பென்டிக்ஸ். தாலுகா ஆபீசில் மனு 'தொங்கலில் கிடக்குது' என்கிறோமே, அதேதான் பென்டிங். தொங்குவதற்கு மேலே ஒரு பிடி வேண்டும், அந்தப் பிடிதான் 'ஆன்'. அதனால் டிபென்ட் என்று எழுதி யாரை, எதை என்று சொல்லப்போகிறீர்கள் என்றால் பின்னாலேயே 'ஆன்' வந்தாக வேண்டும். 'ஐ டிபென்ட் மை ஃபாதர்' என்று எழுதினால் பிடி இல்லாமல் விழுந்துவிடும்.

அடுத்தது 'ஃபார்'. இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், காரணம் வரிசை. தமிழில் பெரும்பாலும் எதற்கு என்பதை முதலில் சொல்லி, எதை நம்பி என்பதைப் பிறகு சொல்வோம்: தண்ணீருக்குப் பெரியாற்றை நம்பியிருக்கிறோம். ஆங்கிலத்தில் வழக்கமாக நம்பியிருக்கும் இடம் முதலில் வரும், தேவை பிறகு வரும்: டிபென்ட் ஆன் பெரியாறு, ஃபார் வாட்டர். தோட்டத்தில் மிளகுக்கொடியைப் பார்த்திருப்பீர்கள். அது முள்முருங்கை மரத்தைப் பற்றி ஏறுகிறது, ஆனால் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை, தன் வேரில், தன் இலையில் தானே பிழைத்துக்கொள்கிறது. ஆகவே ஏறுவதற்கு மட்டும்தான் அது டிபென்டன்ட், சாப்பாட்டுக்கு இன்டிபென்டன்ட். மாமரத்தில் ஒட்டியிருக்கும் புல்லுருவியோ கிளைக்குள் வேரை இறக்கி நீரையும் சத்தையும் இழுக்கும், அதற்குப் பாரசைட் என்று பெயர். கிரேக்கத்தில் அது அடுத்தவர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரைக் குறித்த சொல். யாரை நம்பி என்பதோடு எதற்காக என்பதையும் சேர்த்து எழுதுங்கள், வாக்கியம் தெளிவாகிவிடும்.

'இட் இஸ் டிபென்டிங்' வேண்டாம். 'அதைப் பொறுத்தது' என்பதற்கு 'இட் டிபென்ட்ஸ்' போதும்.

எழுத்துக்கூட்டல் ஒரு சின்னத் தொல்லை. காதுக்கு ஒன்றாகவே கேட்கும் டிபென்டன்ட்டை பிரிட்டிஷ் வழக்கில் இரண்டு விதமாக எழுதுவார்கள்: சார்ந்திருக்கும் தன்மையைச் சொன்னால் ஈ-என்-டி, சார்ந்திருக்கும் ஆளைச் சொன்னால் ஏ-என்-டி. அமெரிக்காவில் இரண்டுக்கும் ஈ-என்-டி. விண்ணப்பத்தில் எப்படி அச்சிட்டிருக்கிறதோ அதையே பார்த்து எழுதிவிடுங்கள். கேரளாவில் குமுளிப் பக்கம் படித்த பிள்ளைகளுக்குச் 'சார்ந்திருக்கும் ஆள்' என்ற பொருள் சீக்கிரம் பிடிபடுகிறது, மலையாளத்தில் 'ஆஸ்ரித நியமனம்' என்ற சொல் அவர்கள் காதில் ஏற்கெனவே விழுந்திருக்கும். வேலையில் இருந்தவர் இறந்துபோனால் அவரை நம்பியிருந்த குடும்பத்தில் ஒருவருக்குக் கொடுக்கும் வேலை அது. நம் பக்கம் வாரிசு வேலை என்கிறோம்.

இனி இன்டிபென்டன்ட். ஆகஸ்ட் 15 வந்தால் ஃபிளெக்ஸ் போர்டுகளில் 'ஹாப்பி இன்டிபென்டன்ட் டே' என்று பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு வலிக்கிறது. அத்தனை பேர் உயிரைக் கொடுத்து வாங்கிய நாளின் பெயரைச் சரியாக எழுத வேண்டாமா? இன்டிபென்டன்ட் என்றால் 'சுதந்திரமான', இன்டிபென்டன்ஸ் என்றால் 'சுதந்திரம்'. நாளுக்கு வேண்டியது இரண்டாவது. சுயேச்சை வேட்பாளர், தனி வீடு இவற்றுக்கு முதலாவது. பிரிட்டனிடமிருந்து கிடைத்த சுதந்திரம் என்றால் 'இன்டிபென்டன்ஸ் ஃப்ரம்', எதையும் சாராத என்றால் 'இன்டிபென்டன்ட் ஆஃப்'. பின்னால் வரும் இந்தச் சொல்லையும் சேர்த்தே மனதில் வையுங்கள்.

ஆட்டோனமஸ் என்பதை இதோடு கலக்க வேண்டாம். தனக்கான சட்டத்தைத் தானே வகுத்துக்கொள்வது என்பது அதன் கிரேக்கப் பொருள், பெரும்பாலும் பெரிய அமைப்பு ஒன்றுக்குள் இருந்துகொண்டே. ஆட்டோனமஸ் கல்லூரி தன் பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே நடத்தும், பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். 1947 ஜூனில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் திவான் சி.பி. ராமசாமி ஐயர் அறிவித்தது அப்படிப்பட்டது அல்ல, ஆங்கிலேயர் போனதும் தனி நாடாகிவிடுவோம் என்றார். அது இன்டிபென்டன்ட். அடுத்த மாதமே இந்தியாவோடு சேர ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது வேறு கதை. இன்று நாம் மிளகு, ஏலக்காய் வாங்கப் போகும் குமுளி அப்போது அந்தச் சமஸ்தானத்தில்தான் இருந்தது.

இன்டர்டிபென்டன்ட் என்றால் ஒன்றை ஒன்று நம்பியிருப்பது. பெரியாற்று அணை மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில், வயல் இந்தப் பக்கம். இங்கிருந்து காய்கறி லாரி ஏறுகிறது, ஜீப்பில் ஆட்கள் ஏறுகிறார்கள், அங்கிருந்து கூலியும் தண்ணீரும் இறங்குகின்றன. இந்தச் சொல்லுக்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

இன்று ராத்திரி ஒரு தாளில் உங்கள் வீட்டு ஆட்களின் பெயர்களை எழுதி, யார் யாரை எதற்கு நம்பியிருக்கிறார்கள் என்று 'ஆன்', 'ஃபார்' இரண்டும் போட்டு ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்கும் இதைத்தான் கொடுத்தேன். மறுநாள் கொண்டுவந்த தாளில் ஐந்து வாக்கியம் இருந்தது, அம்மாவைப் பற்றி எழுதிய வாக்கியத்தில் டிபென்டபிள் சரியான இடத்தில் உட்கார்ந்திருந்தது.