காலண்டரில் 26 வட்டம்

முக்கூடலில் பீடி சுற்றிக்கொண்டே ஒற்றைத் தலைவலியோடு பல வருடம் ஓட்டினேன். முதலில் ஒரு பாராசிட்டமால் போதும். அப்புறம் இரண்டு, கடைசியில் தினமும் மூன்று. அப்படியும் விடிந்தால் வலி. மாத்திரையில்தான் வீரியம் இல்லை என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம்.

பாளையங்கோட்டையில் நரம்பு மருத்துவர், மாத்திரை போட்ட நாளையெல்லாம் காலண்டரில் வட்டம் போடச் சொன்னார். மாதத்தில் 26! பாராசிட்டமாலை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்தைத் தாண்டிப் போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவருமாம். அதைச் சட்டென்று நிறுத்தச் சொன்னார். டிரமடால் மாதிரி வீரியமான வலி மாத்திரையை அப்படி நிறுத்தக்கூடாதாம். வலி வராமல் தடுக்க இரவில் அமிட்ரிப்டிலின் என்று வேறொரு மாத்திரை கொடுத்தார்.

முதல் பத்து நாள் நரகம். மதினிதான் என் பங்குப் பீடியையும் சுற்றிக் கொடுத்தார்கள். இப்போது மாதம் நாலு வட்டம்.