சின்ன பிளேன்ல செட்டை கழண்டு விழுறது: பைலட் ஆகப்போற நம்மட பொடியன்மார் விடக்கூடாத பிழைகள்

திமிலைதீவு எயார்போட்ல சின்ன பிளேன் இறங்கிறத பார்த்தே பைலட் ஆகணும் எண்டு நிக்கிற பொடியன்மார் மட்டக்களப்பில இருக்காங்க, பிளேன் ஏன் விழும் எண்டு கேட்டா எஞ்சின் நிண்டா எண்டு டக்கெண்டு சொல்லுவாங்க. எஞ்சின் நிண்டா சறுக்கிச் சறுக்கி ஒரு வயலுக்குள்ளயாவது இறக்கலாம் தம்பி, செட்டை போனா செய்ய ஒண்டுமில்ல.

பெரிய பிழை, பிளேன்ட வயச வருஷத்தில எண்ணுறது. 2018 ஏப்ரல் 4ம் திகதி ஃப்ளோரிடா டேடோனா பீச்சில பைப்பர் அரோ ஒண்டு ரன்வேய தொட்டுட்டு திரும்ப மேல ஏறக்குள்ள இடது செட்டை அப்படியே பிரிஞ்சு போச்சு, செக்ரைட் எண்ட பறப்புச் சோதனை குடுத்த மாணவனும் எக்ஸாமினரும் ரெண்டு பேருமே செத்துப்போனாங்க. பிளேன் 2007ல செஞ்சது, நம்மட ரோட்டுல ஓடுற முக்காவாசி வேன விட புதுசு! ஆனா 7,690 மணித்தியாலம் பறந்திருக்கு, அதுவும் ட்ரெயினிங், அதாவது நாள் முழுக்க பதிவில சுத்துறதும் டம் டம் எண்டு இறங்கி ஏறுறதும். அதால செட்டைய தாங்கிற ஸ்பார்ட கீழ்ப்பக்க போல்ட் ஓட்டையில இருந்து வெடிப்பு கொஞ்சம் கொஞ்சமா வளந்திருக்கு. பிறகு எஃப்ஏஏ, அதாவது அமெரிக்க விமானத்துறை அதிகாரசபை, போட்ட உத்தரவுல கணக்கு எப்படி எண்டா, 100 மணித்தியாலத்துக்கு ஒருக்கா செக்கப் செஞ்சு ஓடின வாடகை, ட்ரெயினிங் மணித்தியாலம் முழுசா சேரும், மத்தது 17 மணித்தியாலம் சேர்ந்தாத்தான் ஒண்டு. அந்தக் கணக்கில 5,000 வந்தா போல்ட்ட கழட்டி ஓட்டைய எடி கரண்ட் (கண்ணுக்குத் தெரியாத வெடிப்ப மின்சாரத்தால தேடுற முறை) வச்சு பாக்கணும். என்னைக் கேட்டா அந்த 17லதான் முழுக் கதையும் கிடக்கு.

அடுத்தது, காலையில பிளேன சுத்திப் பார்த்தாச்சு, செட்டைய ஆட்டிப் பார்த்தாச்சு, இனி ஓகே எண்டு நினைக்கிறது. சுத்திப் பாக்கத்தான் வேணும், ஆனா அந்த வெடிப்பு இருந்தது கண்ணுக்கு எட்டாத இடத்தில, வழமையா செய்யிற செக்கப்பிலயே அம்பிடல்ல. அதால ஹார்ட் லேண்டிங் அடிச்சா வெக்கப்படாம எழுதிக் குடுங்க, இன்ஸ்ட்ரக்டர் பரவாயில்ல விடு எண்டாலும் எழுதுங்க, ஏனெண்டா எழுதாட்டி மெக்கானிக்குக்கு அத தேடிப் பாக்க ஒரு காரணமும் இல்ல.

மனூவரிங் ஸ்பீட, அதாவது ஒரு கன்ட்ரோல ஒருக்கா முழுசா இழுத்தாலும் பிளேன் உடையாத வேக எல்லைய, ஒரே நம்பரா பாடமாக்கிறது இன்னொண்டு. செஸ்னா 172எஸ்ல 2,550 பவுண்டுக்கு 105 நொட், 1,900 பவுண்டுக்கு 90 தான், பாரம் குறையக் குறைய இதுவும் குறையும், நிறையப் பேர் தலைகீழா நினைக்கிறாங்க. அதுக்குக் கீழ பறந்தா என்னவும் செய்யலாம் எண்டும் இல்ல, 2001ல நியூயோர்க்கில விழுந்த ஏர்பஸ்ல ரடர (வால்ல இருக்கிற திருப்புற பலகைய) இடமும் வலமும் மாறி மாறி மிதிச்சதுல வால் செட்டையே பிடுங்குப்பட்டிச்சி.

ஸ்பீட் காட்டுற மீட்டர்ல இருக்கிற மஞ்சள் கோட்டு வேகம் காத்து அமைதியா இருக்கிற நேரத்துக்கு மட்டும், இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல.

உலோகத்தில வாற அரிப்ப லேசா எடுக்கவும் கூடாது. 2019ல ஆஸ்திரேலியாவில மவுண்ட் ஐசா பக்கம், கடலே கிட்ட இல்லாத ஊர், அங்க தாழப் பறந்து சர்வே செஞ்ச செஸ்னா 210ட செட்டை பறக்கக்குள்ளயே கழண்டு ரெண்டு பேர் செத்தாங்க, வெடிப்பு தொடங்கினது ஒரு சின்ன அரிப்புக் குழியில. அது இருந்தது ரெண்டு செட்டையையும் இணைச்சு கேபினுக்கு மேலால போற உத்தரத்தில, கூரைத் துணிய கழட்டினாத்தான் தெரியும். நமக்கு ஒரு பக்கம் கடல், மத்தப் பக்கம் வாவி, இங்க உப்புக் காத்துல கொஞ்ச நாள் நிண்ட பிளேன் எண்டா அந்தத் துணிய எப்ப கடைசியா கழட்டினது எண்டு லொக்புக்க வாங்கிப் பாருங்க.