கம்பம்மெட்டு ஏறி குமுளி வழியாக இறங்குவது: சைக்கிளுக்கு அமைதியான மலைப்பாதையைத் திட்டமிடும் முறை

போன மாசியில், தேனி மாவட்டக் கம்பத்திலிருந்து கேரள எல்லைக்கு ஏறும் கம்பம்மெட்டு ஏற்றத்தில் பாதியை நடந்தே கடந்தேன். ஜீப்பில் போன ஒருவர் வண்டியை நிறுத்தி, "சைக்கிள் பழுதா தம்பி?" என்று கேட்டார். பழுது சைக்கிளில் இல்லை. மூன்று வாரம் கழித்து அதே சாலையில் காலை ஊன்றாமல் மேலே போய்ச் சேர்ந்தேன். இடையில் என் கால்கள் ஒன்றும் இரும்பாகிவிடவில்லை. திட்டத்தை மாற்றினேன், ஒரு பல்சக்கரத்தை மாற்றினேன், அவ்வளவுதான்.

கியர் மாற்றவும் பஞ்சர் ஒட்டவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: சாலையைத் தேர்ந்தெடுங்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் நின்று மேற்கே பார்த்தால் மலை ஒரே சுவராகத் தெரியும். அதைத் தாண்டிக் கேரளத்துக்குள் போக முக்கியமான வழிகள் மூன்று: போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. போடிமெட்டு வழியாகப் போவது கொச்சியையும் மதுரையையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை. மூணாறு போகும் கூட்டமெல்லாம் அதில்தான். குமுளியில் தேக்கடிக் கூட்டம். நடுவில் இருக்கும் கம்பம்மெட்டுக்குச் சுற்றுலாப் பெருமை எதுவும் கிடையாது. நமக்கு வேண்டியது அதுதான். எந்த மலையிலும் இப்படித்தான் தேடுவேன்: லாரிக்கும் சுற்றுலாப் பயணிக்கும் வேறு நல்ல வழி இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் மிச்சமிருக்கும் சாலை சைக்கிளுக்கு.

இந்தப் பக்கத்தில் மலைக் கணவாயை 'மெட்டு' என்பார்கள். வரைபடத்தில் மெட்டு என்று முடியும் பெயர்களைத் தேடுவது நல்ல உத்தி. ஆனால் மெட்டு இருக்கும் இடமெல்லாம் சாலை இருக்காது. தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டுக்குச் சாலை வேண்டும் என்பது அந்த ஊர்க்காரர்களின் நீண்டகாலக் கோரிக்கை. வரைபடத்தில் மெல்லிய கோடு தெரிகிறது என்று கிளம்பிவிடாதீர்கள். செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி, தார் தெரிகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

நான் சொல்லும் சுற்று: கம்பம், கம்பம்மெட்டு, புற்றடி, அணைக்கரை, குமுளி, லோயர் கேம்ப், கூடலூர், மறுபடி கம்பம். மொத்தம் 60 கிலோமீட்டரை ஒட்டி வரும்.

படி 2: சரிவை நீங்களே கணக்கிடுங்கள்

நான் சறுக்கிய இடம் இது. பொறுமையாகப் படியுங்கள்.

கைபேசிச் செயலி கம்பம்மெட்டுக்குச் 'சராசரிச் சரிவு 4.6 சதவீதம்' என்று காட்டியது. எங்கள் ஊர் மேம்பாலமே அதைவிடச் செங்குத்து என்று சிரித்துக்கொண்டே கிளம்பினேன். கணக்கில் பிழை இல்லை. கம்பம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர் உயரம், மேலே ஏறக்குறைய 1000. வித்தியாசம் 600. சாலை 13 கிலோமீட்டர். 600-ஐ 13,000-ஆல் வகுத்தால் 4.6 சதவீதம்தான்.

ஆனால் ஊரைத் தாண்டி அடிவாரம் வரை உள்ள நாலைந்து கிலோமீட்டரில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அந்த 600 மீட்டரையும் மீதி எட்டு கிலோமீட்டரில் ஏறியாக வேண்டும். 600-ஐ 8,000-ஆல் வகுத்துப் பாருங்கள்: 7.5 சதவீதம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் நடந்து தீர்த்தேன்.

அடுத்த குழப்பம் இதற்கு நேர் எதிரானது. நடந்த அவமானத்தில் வீட்டுக்கு வந்து செயலியின் உயர வரைபடத்தை ஆராய்ந்தால், சில கொண்டை ஊசி வளைவுகளில் 22 சதவீதம், 25 சதவீதம் என்று கோடு குத்திட்டு நிற்கிறது. அங்கெல்லாம் நான் போயிருக்கிறேன். பஸ் திரும்பும் வளைவு அது, 25 சதவீதம் இருக்கவே முடியாது. காரணம் பிறகுதான் புரிந்தது. இலவச வரைபடங்கள் பலவற்றின் உயரக் கணக்கு, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் எடுத்த அளவீட்டிலிருந்து வருகிறது. அது நிலத்தை ஏறக்குறைய 30 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஓர் உயரம் என்று வைத்திருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் மேல் சாலையும் கீழ் சாலையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் நெருக்கியடித்துக் கிடக்கும். சாலையின் சரிவு என்று செயலி காட்டுவது, உண்மையில் மலைச்சரிவை.

ஆகவே சராசரியையும் நம்பாதீர்கள், உச்சத்தையும் நம்பாதீர்கள். நான் இப்போது செய்வது இது. ஏற்றம் தொடங்கும் புள்ளியை வரைபடத்தில் நானே குறிக்கிறேன். சாலை முதன்முறையாக நெளியத் தொடங்கும் இடம் பெரும்பாலும் அதுதான். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு முறை உயரத்தை ஒரு தாளில் எழுதுகிறேன். ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக வகுக்கிறேன். நீளம் இரண்டு கிலோமீட்டராக இருக்கும்போது 30 மீட்டர் கட்டத்தின் பிழை கரைந்துவிடும். அந்தத் தாளை மடித்து ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொள்வேன். இதற்காகப் பல ஆயிரம் ரூபாய்க்கு மீட்டர் வாங்கச் சொல்லும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். தாளுக்குச் சார்ஜ் தேவையில்லை.

படி 3: சரிவுக்கு ஏற்ற கியர்

முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் இருப்பதில் பெரியது 28 பல். இதுதான் என்னிடம் இருந்தது. நிமிடத்துக்கு 60 முறை பெடலைச் சுற்றினால் வேகம் மணிக்கு 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 7.5 சதவீத ஏற்றத்தில் என்னைப் போன்ற ஆளால் அந்த வேகத்தைப் பத்து நிமிடம் தாங்கலாம், ஒரு மணி நேரம் தாங்க முடியாது. வேகத்தைக் குறைத்தால் பெடல் கனக்கும், முழங்கால் முனகும். பின்னால் 34 பல் போட்டதும் அதே 60 சுற்றுக்கு 7.5 கிலோமீட்டர் வேகம் போதும் என்றாகிவிட்டது. மாற்றும் முன் உங்கள் பின் டெரெய்லர் (கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் பாகம்) அத்தனை பெரிய பல்லைத் தாங்குமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். செயினையும் நீளமாக்க வேண்டியிருக்கலாம்.

எடை குறைந்த சைக்கிள் வாங்குவதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: முதலில் பல்லை மாற்றுங்கள்.

படி 4: நேரமும் மாதமும்

அமைதி என்பது சாலையின் நிரந்தரக் குணம் இல்லை. கார்த்திகை தொடங்கித் தை முதல் வாரம் வரை ஐயப்ப பக்தர்களின் காலம். கூட்டம் மிகும்போது சபரிமலை போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, திரும்பும் வண்டிகளைக் குமுளி வழியாக இறக்குவது வழக்கம். ஊரிலேயே அமைதியான மலைச்சாலை அந்த இரண்டு மாதம் ஊர்வலமாகிவிடும். மற்ற மாதங்களிலும் தொடக்கத்தில் ஐந்து நாள் கோயில் நடை திறந்திருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனி, ஆடியில் வேறு தொல்லை. தென்மேற்குப் பருவக்காற்று இந்தக் கணவாய்களின் வழியேதான் பள்ளத்தாக்குக்குள் பாயும். கம்பத்தில் வெயில் அடிக்கும், மேலே மழை கொட்டும், ஏறும் உங்கள் முகத்தில் காற்று அறையும். மாசி, பங்குனியே என் தேர்வு. விடிந்ததும் கிளம்புங்கள். கிழக்கு பார்த்த மலை. காலை வெயில் நேராக முதுகில் விழும்.

படி 5: மேலே போன பிறகு

சோதனைச்சாவடியைக் கண்டதும் முடிந்தது என்று நினைத்துத் தண்ணீரைக் காலி செய்துவிடாதீர்கள். அதற்கப்பால் குமுளி வரை ஏலத்தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கி ஏறிக்கொண்டே போகிறது சாலை. நிழல் உண்டு, சமதளம் இல்லை. புற்றடியில் டீயும் பழம்பொரியும் சாப்பிடுங்கள். ஏலக்காய் ஏலம் நடக்கும் ஊர், காற்றே மணக்கும். அணைக்கரை பக்கம் செல்லார்கோவில் என்ற இடத்திலிருந்து, காலையில் நீங்கள் மிதித்து வந்த பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் தெரியும். அரை மணி நேரத்தை அதற்கென்று ஒதுக்குங்கள்.

படி 6: இறக்கம்

குமுளியிலிருந்து லோயர் கேம்ப் வரையிலான இறக்கம் குறுகலானது, இந்தச் சுற்றில் வண்டிகள் அதிகம் உள்ள பகுதியும் அதுதான். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடிக்காதீர்கள். ரிம் பிரேக் என்றால் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே நன்றாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், பிறகு விடுங்கள். ஏறிவரும் பஸ் கொண்டை ஊசி வளைவில் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும். நின்று வழிவிடுங்கள். நிற்கும்போது பெரியாற்றுத் தண்ணீரை மின்நிலையத்துக்கு இறக்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்துக்கொள்ளலாம். கீழே பென்னிகுவிக் மணிமண்டபம். அதற்குப் பிறகு கம்பம் வரை திராட்சைத் தோட்டம். பன்னீர் திராட்சை வாங்க இடம் தேட வேண்டியதில்லை.

பிற்சேர்க்கை 1: 'விடிந்ததும் போனேன், ஒரே ஜீப் மயம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். தவறு என்னுடையது. நான் இரண்டு முறையும் ஞாயிற்றுக்கிழமை போனவன். வேலை நாட்களில் பள்ளத்தாக்கு ஊர்களிலிருந்து ஏலத்தோட்டக் கூலிக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் காலையில் வரிசையாக மேலே போகும், மாலையில் திரும்பும். வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் முக்கியம். நாம்தான் ஒதுங்க வேண்டும். வேலை நாளில் போவதென்றால் அந்த வரிசை ஓய்ந்த பிறகு ஏறுங்கள், வெயிலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை 2: சென்னையிலிருந்து எப்படி வருவது என்று பலர் கேட்கிறீர்கள். 2023 முதல் போடி வரை சென்னை ரயில் வருகிறது. தேனியில் இறங்கினால் கம்பம் 40 கிலோமீட்டர். அந்த 40-ஐ முந்தைய நாளே மிதித்து முடித்துக் கம்பத்தில் தங்குங்கள். அதே காலையில் இரண்டையும் சேர்த்துச் செய்ய முயன்ற வாசகர் ஒருவர், ஏற்றத்தின் பாதியில் சைக்கிளைத் தள்ளும் தன் படத்தை அனுப்பியிருக்கிறார்.